செம்மறி மேய்ந்தால் புல் தழைக்குமா, தேயுமா?

கோல்பிடி | 3 ஜூன் 2023

ஒரே மண், ஒரே மழை, நடுவில் ஒரு கம்பிவேலி. ஒரு பக்கம் செம்மறி வருஷம் முழுக்க மேயுது. அங்கே புல் இரண்டு விரல் உயரம்தான், ஆனா மண்ணே தெரியாத அளவுக்கு நெருக்கம். மறுபக்கம் ஆடே விடாத இடம். புல் முழங்கால் உயரம் நிக்குது, விலக்கிப் பார்த்தா அடியில் பழுப்புச் சருகு, குத்துக்குக் குத்து நடுவில் வெறும் மண். இதைப் பார்த்தா ஆடு வாய் வைக்க வைக்கத்தான் புல் பெருகுதுன்னு தோணுது. அப்படின்னா நிலத்துக்கு ஓய்வு கொடு, மாத்தி மாத்தி மேய்னு சொல்றதெல்லாம் எதுக்கு? விட்டே வைக்கலாமே?

அடிக்கணு | 3 ஜூன் 2023

நீங்கள் பார்த்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் இடிக்கிறது. நெருக்கம் வேறு, விளைச்சல் வேறு.

புல்லின் அடியில் ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். அது விழித்தால் புதுத் தூர், அதாவது அடியிலிருந்து கிளம்பும் புதுக் கிளை. விழிக்க வேண்டுமானால் அடிவரை வெளிச்சம் படவேண்டும். வெளிச்சத்தின் அளவு மட்டுமல்ல, தரமும் முக்கியம். மேலே அடர்ந்த இலை சிவப்பொளியை உறிஞ்சிவிட்டு தொலைசிவப்பை (சிவப்புக்கு அடுத்த, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒளியை) கீழே விடும். அந்த விகிதம் மாறினாலே மொட்டு அடங்கிப்போகும். செம்மறி மேலிலையை எடுத்துவிடுவதால் மொட்டுகள் விழிக்கின்றன. ரை என்பது குளிர்நாட்டுத் தீவனப் புல்; செம்மறி தொடர்ந்து மேயும் ரை புல்வெளியில் சதுர மீட்டருக்கு 20,000 முதல் 40,000 தூர் வரை எண்ணலாம். உயரவிட்டு மாடு மேய்க்கும் வெளியில் 5,000 முதல் 10,000 தான்.

ஆனால் அந்த 40,000 தூரில் ஒவ்வொன்றும் எடையில் மிகச் சிறியது. தூர் எண்ணிக்கை ஏற ஏற ஒரு தூரின் எடை அதைவிட வேகமாக இறங்கும். மண் தெரியாத அளவு நெருக்கம் இருப்பதை வைத்து ஆட்டுக்கு எவ்வளவு தீனி விளைந்தது என்று சொல்ல முடியாது. உங்கள் வேலியின் இரு பக்கமும் இரு கோடிகள். நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

வரப்போரம் | 4 ஜூன் 2023

என்ன புல்லுன்னு சொல்லாம இந்தப் பேச்சு எங்கேயும் போகாது. அருகம்புல்லா, கொழுக்கட்டைப் புல்லா, ரை புல்லா?

கோல்பிடி | 4 ஜூன் 2023

மேயற பக்கம் பெரும்பாலும் அருகு. மேயாத பக்கம் கொழுக்கட்டை, நடுநடுவே வேற ஏதோ உயரப் புல்.

வரப்போரம் | 4 ஜூன் 2023

அப்போ பாதிப் பதில் அதிலேயே இருக்கு. நீங்க பார்த்தது ஒரே புல்லு பெருகினதை இல்ல. ஒரு புல்லு போய் இன்னொரு புல்லு வந்ததை. கொழுக்கட்டை குத்துக் கட்டி நிமிர்ந்து நிக்கும், அதோட இலை முழுக்க ஆட்டு வாய்க்கு எட்டும். அருகு தரையோட ஓடும், மண்ணுக்கு அடியில கிழங்குத்தண்டு வேற வெச்சிருக்கு. வருஷம் முழுக்க ஒட்ட மேய்ஞ்சா முதல்ல போறது நிமிர்ந்த புல்லு, அந்த இடத்தைப் பிடிக்கறது படர்ந்த புல்லு. பச்சையாத்தான் இருக்கும், ஆனா தீனி அளவு குறைஞ்சிருக்கும்.

அடிக்கணு | 5 ஜூன் 2023

வரப்போரம் சொன்னது முக்கியமான திருத்தம். எதனால் அப்படி ஆகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், பின்னால் வரும் கணக்கெல்லாம் இதன்மேல்தான் நிற்கும்.

புல்லின் இலை நுனியில் வளராது, அடியில் வளரும். இளம் இலை ஒன்றின்மேல் மையால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு நான்கு நாள் கழித்துப் பாருங்கள். கோடுகளின் இடைவெளி மாறியிருக்காது. எல்லாக் கோடும் சேர்ந்து மேலே ஏறியிருக்கும். நீட்சி நடப்பது பழைய இலையின் உறைக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதனால்தான் ஆடு நுனியைக் கடித்தாலும் அதே இலை மேலே வந்துகொண்டே இருக்கிறது.

இலைகளை உண்டாக்கும் வளர்முனை அதற்கும் கீழே, வேரும் தண்டும் சேரும் இடத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கும். தூரைப் பிடுங்கி, கூர்மையான பிளேடால் நெடுக்காகப் பிளந்தால் அடியில் வெளிறிய சின்னக் குவிமுனையாகத் தெரியும். அது அங்கே இருக்கும்வரை செம்மறியால் அதைத் தொடமுடியாது. புல் கதிர் வாங்கத் தொடங்கியதும் கணுவிடைகள் நீண்டு வளர்முனை மேலேறும். பிளந்து பார்த்தால் அடுக்கடுக்காகக் கணுவும் உச்சியில் இளங்கதிரும் இருக்கும். அது 5 சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிட்டால் ஆட்டின் ஒரு கடியில் போய்விடும். அந்தத் தூர் இனி இலை விடாது. அடிமொட்டிலிருந்து புதுத் தூர் வந்தால்தான் உண்டு, அதற்கு நாளாகும்.

நிமிர்ந்து குத்துக் கட்டும் புற்களில் இந்த ஏற்றம் சீக்கிரம் நடக்கும். அருகம்புல்லில் வளர்முனைகளில் பெரும்பகுதி ஓடுதண்டோடு தரையில் கிடக்கும். தேர்வு அங்கேயே நடந்துவிடுகிறது.

செம்மறியின் வாயையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேல்தாடையில் வெட்டுப்பல் கிடையாது, கெட்டியான ஈறுமெத்தை மட்டும். கீழே எட்டு வெட்டுப்பல். புல்லை அந்த மெத்தைக்கும் பல்லுக்கும் இடையில் கவ்வி, தலையை வெடுக்கென்று இழுத்து அறுக்கும். மேலுதடு நடுவில் பிளந்திருப்பதால் வாய் தரையோடு ஒட்டும். மாடு நாக்கால் சுற்றி இழுப்பதால் 5 சென்டிமீட்டருக்குக் கீழே எடுக்கத் திணறும். செம்மறி 2 சென்டிமீட்டர் வரை இறங்கிவிடும்.

புழுக்கை | 5 ஜூன் 2023

ஒட்ட மேயறதைப் பத்திப் பேசறப்போ கிரைடர் பண்ணின வேர்ச் சோதனையைச் சொல்லணும். 1955-ல அமெரிக்க வேளாண்துறை வெளியிட்டது. புல்லோட மேல்பாகத்தைச் சதவீதக் கணக்குல வெட்டி, வேர் என்ன ஆகுதுன்னு பார்த்தார். 40 சதவீதம் வரைக்கும் எடுத்தா வேர் வளர்றது நிக்கவே இல்ல. 50 எடுத்தா நூத்துக்கு 2 முதல் 4 வேர் நின்னுது. 60-ல பாதி வேர். 70-ல 78. 80-ம் அதுக்கு மேலயும் எடுத்தா எல்லா வேரும் நின்னுபோச்சு, திரும்ப ஓட ஆரம்பிக்க ரெண்டு வாரம் பக்கம் ஆச்சு.

50-க்கும் 60-க்கும் நடுவுல விழற அந்தப் பள்ளத்தைப் பாருங்க. "பாதி எடு, பாதி விடு"ன்னு மேய்ச்சல்காரங்க சொல்றது இதோட அப்படியே பொருந்தும்.

அடிக்கணு | 6 ஜூன் 2023

கிரைடர் அட்டவணை நல்ல அட்டவணைதான், ஆனால் அதை அப்படியே ஆட்டுக்குப் பொருத்தக்கூடாது. இரண்டு காரணம்.

ஒன்று, கத்தரி எல்லாத் தூரையும் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் வெட்டும். ஆடு அப்படி மேயாது. ஒரு குத்தில் நான்கு தூரைக் கடித்து மூன்றை விட்டுவிடும். கடிபடாத தூர் ஒட்டியிருக்கும் கடிபட்ட தூருக்குச் சர்க்கரை அனுப்பும். அதனால் அளவோடு ஆடு விட்டால் பாதிப்பு குறையும். நெருக்கி அடைத்தால் கத்தரி வெட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இரண்டாவது, சதவீதம் என்பது உயரம் அல்ல. பலரும் இங்கேதான் இடறுகிறார்கள். 40 செ.மீ. புல்லை 20 செ.மீ. வரை மேய்த்தால் பாதி எடுத்ததாக ஆகாது, அதைவிடக் குறைவாகத்தான் எடுத்திருப்போம், ஏனென்றால் குத்துப்புல்லில் எடை அடியில் குவிந்திருக்கும். சரிபார்ப்பது எளிது. நடுத்தரமான பத்துக் குத்துகளைத் தரையோடு அறுத்து, கலைந்துபோகாமல் நூலால் கட்டி, அடியிலிருந்து 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு மட்டத்தையும் தனித்தனியாக உலர்த்தி எடை போடுங்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் மொத்தத்தில் பாதி எந்த மட்டத்தில் வருகிறது என்று தெரியும். ஆட்டை வெளியேற்ற வேண்டிய உயரம் அதுதான். புல்லுக்குப் புல் மாறும், பருவத்துக்குப் பருவமும் மாறும்.

கோல்பிடி | 6 ஜூன் 2023

சரி. ஆனா பாதி எடுத்துட்டு அங்கேயே விட்டா என்ன? மறுபடி வளர்றதை மறுபடி மேயட்டும்.

வரப்போரம் | 6 ஜூன் 2023

அந்த "மறுபடி"தான் கேடு.

ஆடு முதல் தடவை கடிச்சதும் புல்லுக்கு இலை போச்சு, சமைக்க வழியில்ல. அடிக்கட்டையில சேர்த்து வெச்ச சர்க்கரையைச் செலவு பண்ணித்தான் புது இலையைத் தள்ளுது. நல்ல ஈரமும் வெயிலும் இருந்தா மூணாம் நாள் நாலாம் நாள் அந்த இலை ஆட்டு வாய்க்கு எட்டற அளவு வந்துடும். அதுதான் வெளியிலேயே இளசு, இனிப்பு. பக்கத்துல முத்தின புல்லு குவிஞ்சு கிடந்தாலும் ஆடு அந்தத் துளிரைத்தான் தேடிப் போகும். கையிருப்பு தீர்ந்து கிடக்கற நேரத்துல ரெண்டாம் கடி விழுது. இப்படி மூணு நாலு சுத்து போனா குத்து சுருங்கும், வேர் குட்டையாகும், வறட்சி வந்ததும் முதல்ல கருகறது அதுதான்.

அதனால பத்து ஆடு விட்டாலும் இருபது விட்டாலும், முதல்ல கேட்க வேண்டியது ஒரே இடத்துல எத்தனை நாள் விட்டீங்கங்கறதைத்தான். ஆடு கொஞ்சமா இருந்தும் மாசக்கணக்கா அங்கேயே கிடந்தா பிடிச்ச குத்தெல்லாம் சாகும், பிடிக்காத குத்தெல்லாம் முத்தி நிக்கும். பார்க்கறவங்க "புல்லு நிறைய இருக்கே"ம்பாங்க.

பிரான்சில ஆந்த்ரே வாசேன் 1950-கள்ல இதைத்தான் அழுத்திச் சொன்னார். வேலி போட்டுப் பிரிச்ச ஒரு பிரிவுல ஆடு இருக்கற காலம் அந்தச் சுத்துல அதே புல்லு ரெண்டு தடவை கடிபடாத அளவுக்குக் குட்டையா இருக்கணும், வெளிய இருக்கற காலம் புல்லு முழுசா மீள்ற அளவுக்கு நீளமா இருக்கணும். வேகமா வளர்ற பருவத்துல மூணு நாளைத் தாண்டாதீங்க. வளர்ச்சி மந்தமா இருந்தா ஆறு நாள் வரை பொறுக்கும்.

அடிக்கணு | 7 ஜூன் 2023

மேலே "அடிக்கட்டையில் சேர்த்து வைத்த" என்று எழுதியிருப்பதைப் பலர் கவனிக்காமல் போகக்கூடும். கையிருப்பு வேரில் இருக்கிறது, அதனால் மேலே எவ்வளவு மேய்ந்தாலும் வேர் காப்பாற்றும் என்று பரவலாக நம்புகிறார்கள். பெரும்பாலான புற்களில் மீள்வளர்ச்சிக்கான சர்க்கரை தண்டின் அடியிலும் இலையுறையிலும், அதாவது தரைக்கு மேல் முதல் 5 செ.மீ.யில்தான் இருக்கிறது. செம்மறி 2 செ.மீ. வரை இறங்குகிறது என்றால் இலையோடு பெட்டகத்தையும் சேர்த்துத் தின்கிறது.

எப்போது திரும்ப விடலாம் என்பதற்கு இலை எண்ணிக்கை நம்பகமானது. ரை புல்லில் ஒரு தூரில் ஒரு நேரத்தில் மூன்று உயிரிலைதான் இருக்கும். நான்காவது வரும்போது முதலாவது காயத் தொடங்கும். இரண்டரை முதல் மூன்று இலை வந்ததும் ஆட்டை விட்டால் கையிருப்பும் நிறைந்திருக்கும், வீணும் ஆகாது. மற்ற புற்களில் எண்ணிக்கை வேறு. ஆனால் அடி இலை மஞ்சளாகத் தொடங்கும்போது வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்ற அடையாளம் எல்லாவற்றுக்கும் பொது.

புழுக்கை | 7 ஜூன் 2023

உயரக் கணக்கு வேணும்னு கேட்பாங்க. தோராயமா: அருகு 10–15 செ.மீ. வந்ததும் விட்டு 4–5-ல எடுங்க. ரை புல்லும் ஏறக்குறைய அதேதான். கொழுக்கட்டை 30–40-ல விட்டு 12–15-ல எடுக்கணும். கினியா புல் இன்னும் உயரம், 50–60-ல விட்டு 20-க்குக் குறையாம. கினியா அதுக்கு மேல போயிட்டா செம்மறி உள்ளே நுழையத் தயங்கும், ஓரத்தை மட்டும் கறிச்சிட்டு நிக்கும்.

கோல்பிடி | 9 ஜூன் 2023

ஆடு மேஞ்சா புல்லு மேயாததைவிட அதிகமாவே வளரும்னு ஆப்பிரிக்கப் புல்வெளியில நிரூபிச்சிருக்காங்களே?

அடிக்கணு | 9 ஜூன் 2023

செரங்கெட்டியில் மெக்நாட்டன் செய்த வேலையைச் சொல்கிறீர்கள். 1970-களில் அவர் காட்டியது, நடுத்தர அளவில் மேயப்பட்ட இடத்தில் தரைக்குமேல் விளைச்சல் மேயாத இடத்தைவிட அதிகம் என்பது. நிழலிட்ட கிழ இலை போய் இளம் இலைக்கு வெளிச்சம் கிடைப்பது, ஈரம் மிஞ்சுவது, சாணமும் சிறுநீரும் சத்தைச் சீக்கிரம் சுற்றவைப்பது எல்லாம் காரணம். ஆனால் அங்கே மந்தை கடந்து போகும் மந்தை. வரும், மேயும், போய்விடும். 1986-இல் பெல்ஸ்கி இந்த வாதத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்: பெரும்பாலான சோதனைகளில் மேயப்பட்ட செடி இழந்ததை ஈடுகட்டுகிறது, அல்லது பின்தங்குகிறது, மிஞ்சுவது அரிது. ஈரமும் சத்தும் ஏராளமாக இருந்து, மீளக் காலமும் கிடைத்தால் மிஞ்சலாம். வறண்ட, மெலிந்த மண்ணில் ஆண்டு முழுக்க அடைத்து வைத்த மந்தைக்கு அதை ஆதாரமாகக் காட்டமுடியாது.

கோல்பிடி | 12 ஜூன் 2023

அப்போ எத்தனை ஆடு, எத்தனை பிரிவு? 50 தாயாடு, ஒண்ணு 40 கிலோன்னு வெச்சுக்குங்க.

வரப்போரம் | 12 ஜூன் 2023

படிப்படியா போடறேன், எண்ணை மட்டும் உங்களுடையதா மாத்திக்குங்க.

ஒரு ஆடு நாளைக்கு உடல் எடையில 3 சதவீதம் உலர்பொருள் (ஈரம் போக மிஞ்சற தீனி) தின்னும். 40 கிலோவுக்கு 1.2 கிலோ. 50 ஆட்டுக்கு 60 கிலோ. குட்டிக்குப் பால் கொடுக்கறதா இருந்தா 4 சதவீதம்னு போடுங்க, 80 கிலோ ஆயிடும்.

விடும்போது ஹெக்டேருக்கு 2,000 கிலோ உலர்பொருள் நிக்குது, 1,000-ல ஆட்டை வெளிய எடுத்துடணும்னா எடுக்கக்கூடியது 1,000. மிதிபட்டதும் அசிங்கமானதும் கால்பங்கு போகும். வாய்க்குப் போறது 750.

60-ஐ 750-ஆல் வகுத்தா 0.08. அதாவது ஒரு நாளைக்கு 800 சதுர மீட்டர். மூணு நாள் பிரிவுன்னா 2,400 சதுர மீட்டர். 30 நாள் ஓய்வு வேணும்னா 30-ஐ 3-ஆல் வகுத்து ஒண்ணு கூட்டணும், 11 பிரிவு. மொத்தம் 26,400 சதுர மீட்டர், 2.64 ஹெக்டேர், ஆறரை ஏக்கர்.

இப்போ சோதனை: 30 நாள்ல 1,000 கிலோ திரும்ப வளரணும்னா ஹெக்டேருக்கு நாளைக்கு 33 கிலோ வளர்ச்சி வேணும். நல்ல ஈரத்துல வரும். வளர்ச்சி 10 கிலோவுக்கு இறங்கினா அதே 1,000 கிலோவுக்கு 100 நாள் ஆகும். அப்பவும் 30 நாள்ல திரும்ப விட்டீங்கன்னா நிலத்துல சுழற்சி இருக்காது, நாட்காட்டியில மட்டும்தான் இருக்கும். வளர்ச்சி மந்தமானா சுத்தும் மெதுவாகணும். அதுக்கு ஒண்ணு ஆட்டைக் குறைக்கணும், இல்ல வைக்கோலோ வெட்டின தீவனமோ வெளியிலிருந்து போடணும்.

புழுக்கை | 13 ஜூன் 2023

வரப்போரம் அந்த 2,000 கிலோவை எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு சொல்லல. அரை மீட்டருக்கு அரை மீட்டர் கம்பிச் சட்டம் ஒண்ணு செய்யுங்க. கண்ணை மூடிட்டு வீச வேண்டாம். நிலத்தைக் குறுக்கா நடந்து இத்தனை அடிக்கு ஒண்ணுன்னு வைங்க, இல்லேன்னா கை தானா நல்ல இடத்தைத் தேடும். சட்டத்துக்குள்ள வேர் இருக்கற புல்லை மட்டும், ஆட்டு ரோமம் கத்தரிக்கற கத்தரியால தரையோட வெட்டுங்க. மண் ஒட்டினா எடை பொய் சொல்லும், உதறுங்க. குறைஞ்சது பத்து இடம்.

எல்லாத்தையும் கலந்து 100 கிராம் எடுத்து உலர்த்துங்க. மைக்ரோவேவ்ல வைக்கறதா இருந்தா பக்கத்துல ஒரு குவளைத் தண்ணி கட்டாயம் இருக்கணும், இல்லேன்னா புல்லு தீப்பிடிக்கும். முதல்ல ரெண்டு நிமிஷம், அப்புறம் அரை அரை நிமிஷம், எடை மாறாம நிக்கற வரைக்கும். 100 கிராம் 24 ஆச்சுன்னா உலர்பொருள் 24 சதவீதம். ஒரு சட்டத்தோட சராசரி உலர் எடை கிராம்ல எவ்வளவோ அதை 40-ஆல பெருக்கினா ஹெக்டேருக்குக் கிலோ. சட்டத்துக்கு 50 கிராம்னா 2,000 கிலோ.

கோல்பிடி | 13 ஜூன் 2023

வெட்டும்போது காய்ஞ்ச சருகையும் சேர்க்கணுமா?

புழுக்கை | 13 ஜூன் 2023

பிரிச்சு எடை போடுங்க. ஆடு பச்சையை முடிச்சாத்தான் சருகைத் தொடும். சேர்த்துக் கணக்குப் போட்டா தீனி இருக்கறதா காட்டும், ஆடு மெலியும்.

புழுக்கை | 20 ஜூன் 2023

மேய்ச்சல்னா வாய் மட்டுமில்ல, பின்பக்கமும் உண்டு. ஆடு தின்ன தழைச்சத்துல முக்கால் பங்குக்கு மேல திரும்ப நிலத்துக்கே வந்துடுது, பெரும்பாலும் சிறுநீர்ல. மணிச்சத்து புழுக்கையில வரும், சாம்பல்சத்து சிறுநீர்ல. ஒரு சிறுநீர்த் திட்டுல விழற தழைச்சத்து ஹெக்டேர் கணக்குல 300 முதல் 500 கிலோவுக்குச் சமம். எந்தப் புல்லும் அவ்வளவை ஒரேயடியா எடுக்காது. மிச்சம் ஆவியாகும், மழையோட கீழ இறங்கும். கரும்பச்சைத் திட்டா தெரியறது அதுதான்.

பெரிய சிக்கல், விழற இடம். செம்மறி ராத்திரி மேட்டுல, காத்து வர்ற இடத்துல படுக்கும். பகல் முழுக்கச் சரிவுல தின்னதை மேட்டுல கொண்டுபோய்க் கொட்டும். பெரிய ஒரே வெளியா விட்டீங்கன்னா சில வருஷத்துல சரிவு மெலிஞ்சு மேடு கொழுத்துடும். மேட்டுல புல்லு போய் அகல இலைக் களை வரும். சின்னப் பிரிவா இருந்தா படுக்கறதும் மேயறதும் அதே பிரிவுக்குள்ள முடியுது. தண்ணித் தொட்டியையும் உப்புக்கட்டியையும் ஒரே இடத்துல வைக்காம, புல்லு மெலிஞ்ச மூலைக்கு நகர்த்துங்க.

அடிக்கணு | 21 ஜூன் 2023

பயறுவகைத் தீவனம் கலந்திருந்தால் மேலே சொன்ன உயரமெல்லாம் போதாது. செம்மறி இலைக்கும் தண்டுக்கும், பச்சைக்கும் காய்ந்ததுக்கும், பயறுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். வெள்ளை குளோவர் என்ற பயறுவகைத் தீவனமும் ரை புல்லும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்த சோதனைகளில் உணவில் 70 சதவீதம் அளவுக்குக் குளோவரை எடுத்துக்கொண்டது. காலையில் குளோவர் அதிகம், மாலை ஆக ஆகப் புல் அதிகம். குளோவரின் ஓடுதண்டு தரையில் கிடப்பதால் தப்பிக்கிறது, இலை மட்டும் சிறுத்துப்போகும்.

குதிரை மசால் அப்படியல்ல. வெட்டுப்பட்டதும் அடிக்கிரீடத்திலிருந்து (வேரும் தண்டும் சேரும் தடித்த இடத்திலிருந்து) புதுத்தளிர் ஒரு வாரத்தில் கிளம்பும். ஆடு அப்போதும் அங்கேயே இருந்தால் அந்தத் தளிரைத் தின்றுவிடும், செடி செத்துப்போகும். ஒரு வாரம் மேயவிட்டு ஐந்து வாரமாவது மூடுங்கள். முயல் மசாலில் தளிர்மொட்டு தண்டின்மேல் உயரத்தில் இருப்பதால் 10 சென்டிமீட்டருக்குக் கீழே விடவே கூடாது.

குளோவர், குதிரை மசால் இரண்டிலும் பசியோடு ஆட்டை விட்டால் நுரை உப்புசம் வரும். முதலில் வைக்கோலைக் கொடுத்துவிட்டு விடுங்கள்.

வரப்போரம் | 2 ஜூலை 2023

மழை பிடிச்சிடுச்சுன்னா ரெண்டு விஷயம். செம்மறிக் குளம்பு சின்னது, மாடு அளவுக்கு அழுத்தாதுங்கறது சரி. ஆனா எண்ணிக்கை அதிகம், அடியும் அதிகம். ஊறின களிமண்ல மேல் 5 செ.மீ. இறுகிடும், தண்ணி உள்ளே இறங்காது. ஒரு கைப்பிடி மண்ணை விரலால உருட்டினா திரியா நிக்குதுன்னா அந்தப் பிரிவுக்குள்ள விடாதீங்க. மேட்டுல மணல் கலந்த பிரிவு ஒண்ணை மழைக்காலத்துக்குன்னு ஒதுக்கி வைங்க.

அடுத்தது முதல் துளிர். கோடையெல்லாம் காய்ஞ்சு கிடந்த குத்து முதல் மழைக்கு விடற இலை முழுக்க மிச்சக் கையிருப்புல வர்றது. பச்சையைப் பார்த்ததும் ஆட்டைத் திறந்துவிட்டா அந்த வருஷ விளைச்சலே குறைஞ்சிடும். மூணு இலை, இல்ல 15 செ.மீ. வரட்டும். அதுவரைக்கும் ஒரே ஒரு பிரிவுல அடைச்சு வெச்சுத் தீவனம் போடுங்க. அந்தப் பிரிவு அடிபடும், மத்த பத்தும் தப்பிக்கும்.

அடிக்கணு | 2 ஜூலை 2023

புதிதாக விதைத்த நிலத்துக்கும் இதே எச்சரிக்கை. உயரத்தை நம்ப வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து இலையைப் பிடித்து, ஆடு இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து வந்தால் விடலாம். செடி வேரோடு வந்தால் இன்னும் பிடிப்பு இல்லை. ஒரு நிலத்தில் இருபது இடத்திலாவது இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஓராண்டுப் புல் என்றால் விதை விழும்வரை ஒருமுறை ஆடு விடாமல் மூடிவைப்பது கட்டாயம். அதற்கு அடுத்த வருஷம் என்பது மண்ணில் விழுந்த விதை மட்டுமே.

புழுக்கை | 9 ஜூலை 2023

குடற்புழுவும் இந்தப் பேச்சுக்குள்ளதான் வருது. ரத்தம் உறிஞ்சற வயித்துப்புழு ஹீமோங்கஸ், முட்டை புழுக்கையோட விழுந்து, சூடும் ஈரமும் இருந்தா நாலஞ்சு நாள்ல இருந்து ஒரு வாரத்துக்குள்ள தொத்தக்கூடிய நிலைக்கு வந்துடும். புல்லு மேல ஏறும், ஆனா பெரும்பாலும் அடி 5 செ.மீ.க்குள்ளதான். புல்லைக் காப்பாத்தற அதே 5 செ.மீ., அதே மூணு நாள், ஆட்டையும் காப்பாத்துது. ஒட்ட மேயற ஆடு இலையோட புழுவையும் சேர்த்துத் தின்னுது.

ஓய்வு மட்டும் ஒத்துவராது. புல்லுக்கு 30 நாள் போதும், புழு சாக வெக்கையில ரெண்டு மாசம் ஆகலாம், குளிர்ல பல மாசம். அதனால ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து அந்தப் பிரிவை மாடு மேயட்டும், இல்ல வெட்டித் தீவனமாக்குங்க. அந்தப் புழு மாட்டுல சரியா பிழைக்காது.

கோல்பிடி | 16 ஜூலை 2023

எல்லாம் படிச்சாச்சு. ஆனா ஒரு இடத்துல ஒத்துக்க மாட்டேன். தொடர்ந்து மேய்ச்சு நல்லா நடத்தறவங்களும் இருக்காங்க. அவங்க புல்லு சாகல.

அடிக்கணு | 17 ஜூலை 2023

உண்மைதான், இதைச் சொல்லாமல் விட்டால் இழை ஒருதலையாக முடியும். ஸ்காட்லாந்தில் பர்ச்சமும் ஹாட்ஜ்சனும் 1983-இல் வெளியிட்ட வேலை இருக்கிறது. செம்மறி தொடர்ந்து மேயும் ரை புல்வெளியின் உயரத்தை ஒரே அளவில் நிறுத்திப் பார்த்தார்கள். 3 முதல் 6 செ.மீ. வரை எந்த உயரத்தில் வைத்தாலும் நிகர விளைச்சல் ஏறக்குறைய ஒன்றுதான். குட்டையாக வைத்தால் வளர்ச்சி குறைவு, காய்ந்து வீணாவதும் குறைவு. உயர வைத்தால் வளர்ச்சி அதிகம், அந்த அதிகம் ஆட்டு வாய்க்குப் போகுமுன் கிழண்டு காய்ந்துவிடும். இங்கிலாந்தில் பார்சன்ஸ் குழு அதே காலத்தில் ஒளிச்சேர்க்கையை அளந்து இதே பக்கம் வந்தது. உங்கள் வேலிக்கு மறுபக்கம் பார்த்த பழுப்புச் சருகு அந்த வீண்தான்.

ஆனால் அவர்கள் உயரத்தை நிறுத்த ஆட்டு எண்ணிக்கையை அடிக்கடி கூட்டிக் குறைத்தார்கள். புல் குட்டையாகத் தூர் கட்டப் பழகிய ரை. ஈரம் குறையாத நிலம். எண்ணிக்கையை மாற்றாமல், நிமிர்ந்த புல்லில், விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் அதைச் செய்தால் கணக்கு வேறு. தொடர்மேய்ச்சல் நடத்த வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை ஐம்பது இடத்தில் உயரம் அளந்து, சராசரி 4-க்குக் கீழ் போகும்போதே ஆட்டைக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும்.

வரப்போரம் | 17 ஜூலை 2023

இதோட மண்மூட்டத்தையும் பாருங்க. நூறு அடி நேரா நடங்க, ஒவ்வொரு அடிக்கும் செருப்பு நுனி எதுமேல விழுதுன்னு குறிங்க: புல்லு, சருகு, வெறும் மண். வெறும் மண் 30-ஐத் தாண்டுச்சுன்னா மழைத்தண்ணி மண்ணோட ஓட ஆரம்பிச்சிடும். அப்போ உயரக் கணக்கெல்லாம் ஓரமா வெச்சுட்டு ஆட்டை எடுங்க. உங்க அருகுப் பக்கம் இதுல நல்ல மார்க் வாங்கும், அதைக் குறையாச் சொல்லல.

கோல்பிடி | 30 ஜூலை 2023

சரி, என் வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பார்க்காம, மேயற பக்கம் நிஜமா எவ்வளவு வளருதுன்னு எப்படி அளக்கறது? வளர வளரத் தின்னுடுதே.

புழுக்கை | 30 ஜூலை 2023

கூண்டு வைங்க. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 60 செ.மீ. உயரம், கம்பிவலையில. நாலு மூலையிலும் கடப்பாரை மாதிரி முளை அடிங்க, ஆடு உடம்பைத் தேய்ச்சே கவிழ்த்துடும். ஒரு வெளிக்கு ஆறு கூண்டாவது.

கூண்டு வைக்கற அன்னிக்கு, அதே மாதிரி இருக்கற பக்கத்து இடத்துல சட்டம் வெச்சு வெட்டி எடை போடுங்க. மூணு நாலு வாரம் கழிச்சுக் கூண்டுக்குள்ளயும் வெட்டுங்க, வெளியிலயும் வெட்டுங்க. ஆரம்பத்துல வெளிய 1,100 கிலோ, 25 நாள் கழிச்சு உள்ளே 1,750, வெளிய 950-ன்னு வைங்க. வளர்ந்தது 1,750-ல 1,100 போக 650, நாளைக்கு 26 கிலோ. ஆடு தின்னதும் மிதிச்சதும் 1,750-ல 950 போக 800. வளர்ந்ததைவிட 150 அதிகமாப் போயிருக்கு, அதாவது முதலுக்கே கை வெச்சாச்சு.

ஒவ்வொரு தடவையும் கூண்டை வேற இடத்துக்கு மாத்தணும். ஒரே இடத்துல விட்டா உள்ளே இருக்கறது மேயாத புல்லா மாறிடும், அதோட வளர்ச்சி மேயற புல்லோட வளர்ச்சி ஆகாது.

கோல்பிடி | 31 ஜூலை 2023

ஆறு கூண்டு கட்டறேன். மேயாத பக்கமும் ரெண்டு சட்டம் வெட்டி, பச்சை தனி சருகு தனியா எடை போட்டுப் பார்க்கறேன்.

அடிக்கணு | 31 ஜூலை 2023

மேயாத பக்கம் இரண்டு போதாது, குத்துப்புல்லில் இடத்துக்கு இடம் வேறுபாடு அதிகம். பத்தாவது வெட்டுங்கள். வெட்டுமுன் ஒவ்வொரு சட்டத்திலும் என்ன புல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அருகையும் கொழுக்கட்டையையும் ஒரே எண்ணில் கலந்தால் மறுபடி முதல் கேள்விக்கே வந்துவிடுவோம்.

புழுக்கை | 31 ஜூலை 2023

கூண்டுக்குள்ள நடுவுல அரை மீட்டர் சட்டத்தை வெச்சு வெட்டுங்க, ஓரத்தை விட்டுடுங்க. வலைக் கண்ணு வழியா மூஞ்சியை நுழைச்சு ஒரு சாண் தூரம் மேய்ஞ்சிருக்கும்.